தேதி இல்லாத தண்டனை



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் புலவர்கள், பேராசிரியர்கள். நான் இந்தப் பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் லேத் முன்னால் நின்றவன். தொழிற்சங்கத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை மனு எழுதுவது. தமிழர், கன்னடர், தெலுங்கர், தக்கினி பேசுபவர் என்று யார் வந்தாலும் அவர் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். ஓய்வுபெற்றும் அந்த வேலை என்னை விடவில்லை. கடந்த ஆடி மாதம் நான் எழுதிய ஒரு மனுவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். வயது இருபத்து நாலு. டிப்ளமோ முடித்தவன். மர்பி டவுனில் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கி, மளிகைச் சாமான்களைப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு செயலிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், என் ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க சார்" என்றான். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

ஐடி என்பது அவனுக்கு அந்தச் செயலியில் இருக்கும் கணக்கு. காலையில் அதைத் திறந்தால்தான் வேலை. அதில்தான் ஆர்டர் வரும், கூலி ஏறும், வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம் தெரியும். அது மூடிவிட்டால் அவனிடம் மிஞ்சுவது தவணை பாக்கியுள்ள ஒரு ஸ்கூட்டரும் முதுகில் மாட்டும் ஒரு பையும்தான்.

என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில், போன் தொலைந்துவிட்டது, எடுத்தவன் எவனோ தவறாகப் பயன்படுத்திவிட்டான் என்றான். அவன் கண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தம்ளர் காபி கொடுத்தேன். முப்பது வருடமாகப் பொய் மனுக்களையும் உண்மை மனுக்களையும் எழுதியவனுக்கு அந்தக் குரலின் வித்தியாசம் தெரியும். பாதிக் காபியில் உண்மை வந்தது. ஊரில் அவனுடைய அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. பதினோரு நாள் அவன் ஊரில் இருக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்து இன்சென்டிவ் போய்விடுமே என்று, ஓட்டுநர் உரிமம் கைக்கு வராததால் சொந்தமாக ஐடி எடுக்க முடியாமல் இருந்த அறைத் தோழனிடம் தன் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். வேலைக்கு இறங்கும்போது செயலி முகத்தைக் காட்டச் சொல்லும். இன்னொரு போனில் இவன் படத்தைக் காட்டி நான்கு நாள் சமாளித்தார்கள். ஐந்தாம் நாள் மாட்டிக்கொண்டார்கள்.

எனவே, இவன் தவறு செய்தவன். இதை நான் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தப்பே செய்யாதவனுக்கு அநியாயம் நடந்த கதை என்றால் நமக்கு அது சுலபம். நெஞ்சு பதறும், இரண்டு வார்த்தை பேசுவோம், கலைந்துபோவோம். குற்றம் செய்தவன் வந்து, "மறுபடி ஒருமுறை உள்ளே விடுங்கள்" என்று கேட்கும்போது ஒரு சமூகம் என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் அதன் நியாய உணர்ச்சி தெரியும் என்று நான் நம்புகிறேன்.

அவனிடம் சொன்னேன்: "தம்பி, நடந்ததை நடந்தபடி எழுது. பொய் எழுதினால் முதல் குற்றத்தோடு இரண்டாவது குற்றமும் சேரும்." கோடு போட்ட நோட்டுத் தாளில் தமிழில் எழுதினான். ஒன்றரைப் பக்கம். என் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தது தவறு என்று தெரியும். வாடிக்கையாளர் கதவைத் திறக்கும்போது யார் வருகிறார் என்று செயலியில் பார்க்கும் பெயரும் எதிரே நிற்கும் ஆளும் வேறாக இருந்தால் அவர்களுக்குப் பயம் வரும் என்பது இப்போது புரிகிறது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ வேலையில்லாமல் நிறுத்தி வையுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதன் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இதுதான் சாரம். வாடிக்கையாளரின் பயத்தைப் பற்றிய வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே எழுதினான். நான் அதை ஆங்கிலத்தில் போட்டேன், அவ்வளவுதான்.

மனுவை எங்கே கொடுப்பது? செயலிக்குள் உதவிப் பகுதி இருக்கிறது. ஆனால் அதற்குள் போகக் கணக்கைத் திறக்க வேண்டும். கணக்குத்தான் மூடியிருக்கிறதே. மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டு நிமிடத்துக்குள் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் படித்து, யோசித்து, பதில் எழுத எந்த மனிதராலும் முடியாது. விதிகளை மீறியதால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, முடிவு இறுதியானது என்று இருந்தது. மறுநாள் திரும்ப அனுப்பினோம். ஒரு எழுத்து மாறாமல் அதே பதில். பிறகு அவன் நேரில் போனான். கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் இருந்த காவலர், ரைடர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது என்று தன்மையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். அவன் சாமான் எடுக்கும் ஸ்டோரில் இருந்த டீம் லீடர் நல்ல பிள்ளை. "சிஸ்டம் பண்ணினது மச்சான், என் கையில ஒண்ணும் இல்ல" என்றானாம்.

"சிஸ்டம் பண்ணினது" என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஷாப்பில் ஒருவர், பெயர் வேண்டாம், பித்தளைத் துண்டுகளை டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து வெளியே கொண்டுபோகும்போது வாயிலில் பிடிபட்டார். திருட்டு, சந்தேகமே இல்லை. அன்றைக்கே சஸ்பென்ஷன். சில நாளில் சார்ஜ் ஷீட் வந்தது. என்ன குற்றம், எந்தத் தேதி, எத்தனை கிலோ, யார் பார்த்தது, நிலையாணையில் எந்த விதியை மீறியது எல்லாம் அதில் இருந்தது. பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது. அவருக்குத் துணையாக உட்கார ஒரு சக தொழிலாளியை அழைத்துக்கொள்ளலாம், என்னை அழைத்தார். குற்றம் நிரூபணமானது. அதோடு முடியவில்லை. இந்தக் குற்றத்துக்கு இன்ன தண்டனை தரலாம் என்றிருக்கிறோம், ஏன் தரக்கூடாது என்று சொல் என இரண்டாவதாக ஒரு நோட்டீஸ் வந்தது. அதற்கு நான் எழுதிய பதிலில் அவருடைய பதினான்கு வருட வேலைப் பதிவைத்தான் வைத்தேன். ஒரு நாள்கூட எச்சரிக்கை வாங்காதவர். மகளின் கல்யாணக் கடனில் இருந்தவர். கடைசியில் இரண்டு இன்க்ரிமென்ட் நிறுத்தினார்கள். வேலை தப்பியது. அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் அதே வாயில் வழியாகத்தான் போய் வந்தார். காவலர் கேட்பதற்கு முன்பே டிபன் கேரியரைத் திறந்து காட்டுவார். ஓய்வுபெறும் நாள் வரை அதைச் செய்தார்.

இது அந்த நிர்வாகத்தின் இரக்கத்தால் மட்டும் நடந்ததாக எண்ணிவிடாதீர்கள். சட்டம் இருந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் எழுத்தில் வைக்கச் சொன்னது. சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளமும், அதற்கு மேல் அவர் காரணமில்லாமல் விசாரணை இழுத்தால் முக்கால் சம்பளமும் தர வேண்டும் என்ற விதி 1982இல் அதில் சேர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. அதைவிடப் பெரிய மாற்றம் 1971இல் வந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 11ஏ பிரிவு. அதற்கு முன்பு, உள்விசாரணை முறையாக நடந்திருந்தால் தண்டனையின் அளவில் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் கைவைக்க முடியாது. 11ஏ வந்த பிறகு, குற்றம் உண்மைதான், ஆனாலும் வேலைநீக்கம் அதிகம், குறைந்த தண்டனை கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று தொழிலாளர் நீதிமன்றம் சொல்லலாம். குற்றத்தையும் தண்டனையையும் தனித்தனியாக எடை போடும் தராசு அது. எங்கள் தலைமுறைத் தொழிலாளர்கள் அந்த எண்ணைக் குலதெய்வத்தின் பெயரைப் போலச் சொல்வார்கள். அந்தச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தங்கள் வேறொரு நாளுக்கு.

இளைஞர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கிரிக்கெட் தெரியும். 2013இல் ஐ.பி.எல். சூதாட்டப் புகாரில் பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த் கைதானார். அந்த ஆண்டு செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுள்தடை விதித்தது. 2015இல் டெல்லி விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவழக்கிலிருந்து விடுவித்தும் வாரியம் தடையை நீக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை வென்றார், பிறகு அதே நீதிமன்றத்தின் அமர்வில் தோற்றார். 2019 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அசோக் பூஷண், கே.எம்.ஜோசப் அமர்வு தீர்ப்புச் சொன்னது. குற்றம் என்ற வாரியத்தின் முடிவை அவர்கள் மாற்றவில்லை. ஆனால் ஆயுள்தடையை ரத்துசெய்து, எவ்வளவு தண்டனை என்பதை மூன்று மாதத்துக்குள் மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே.ஜெயின் அதை ஏழு ஆண்டாகக் குறைத்தார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தது. 2021 ஜனவரியில் கேரள அணிக்காகப் பந்து வீச இறங்கியபோது அவருக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு அது மாலை நேரம். ஆனாலும் அவர் ஒரு தேதியை எண்ணிக்கொண்டு காத்திருக்க முடிந்தது. அந்தத் தேதியைப் பெறுவதற்கே உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஊத்தங்கரைப் பையன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?

தமிழ் மேடையில் நின்றுகொண்டு உத்திரமேரூரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குடவோலை என்றதும் நாம் பெருமையோடு தேர்தல் முறையைப் பேசுவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது, யார் யார் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்ற பகுதியை. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் பெயர் கூடாது. அந்தப் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. சிலருக்குப் பிராயச்சித்தம் செய்யும்வரைதான் தடை. வேறு சிலருக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மையான பின்னும் ஆயுள் முழுவதும் தடை. எந்தத் தவறுக்கு வாசல் திரும்பத் திறக்கும், எதற்குத் திறக்காது என்று பதினொரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சபை உட்கார்ந்து யோசித்து, ஊரார் பார்க்கும் சுவரில் பொறித்துவைத்திருக்கிறது.

அந்தக் கல்வெட்டைக் கொண்டாடும்போது உண்மையையும் சொல்ல வேண்டும். அது பிராமணர் சபை. நிலம் உள்ளவருக்கு மட்டுமே அதில் இடம். கீழ்ச்சாதியார் என்று அவர்கள் ஒதுக்கியவர்களோடு பழகியதையும் விலக்குக்கு உரிய குற்றமாக எழுதியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் ஒருவர் என்றால் அவருடைய தாய்மாமன், மாமனார், மருமகன் வரை விலக்கு நீள்கிறது. தவறே செய்யாத உறவினர் என்ன பாவம் செய்தார்? சாதி விலக்கின் கொடுமையை அறிந்த பரம்பரையில் வந்தவன் நான். ஒருவரை ஊர் சேர்ந்து ஒதுக்கிவைப்பது எப்பேர்ப்பட்ட ஆயுதம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அந்த ஆயுதம் இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறேன். உத்திரமேரூர்ச் சபையின் விதி அநியாயமானாலும் சுவரில் இருந்தது, அதை வாசித்துவிட்டு எதிர்த்துப் பேசலாம். செயலியின் விதி எங்கே இருக்கிறது?

ஒதுக்கிவைப்பது என்று நான் சொல்வது கூலியை மட்டும் நினைத்து அல்ல. இந்திரா நகரில் அவனுடைய ஸ்டோர் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. ஆர்டர் வராத நேரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அதன் கீழே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். தருமபுரி, ராய்ச்சூர், அசாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். எந்தச் சாலையில் போலீஸ் நிற்கிறது, எந்த அபார்ட்மென்டில் லிஃப்டில் ஏறவிட மாட்டார்கள், யாருக்கு ரத்தம் வேண்டும் என்று எல்லாம் பேசிக்கொள்ள ஒரு வாட்ஸாப் குழு. ஐடி போன மூன்றாம் நாள் அந்தக் குழுவிலிருந்தும் அவன் பெயர் எடுக்கப்பட்டது. பழைய ஆட்களைக் குழுவில் வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் பிரச்சினை வருமோ என்று பயந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மரத்தடிக்குப் போக அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. பெங்களூரில் அவனுக்கு இருந்த ஊர் அதுதான்.

இணையத்தில் கணக்கு முடங்குவது வசதியுள்ளவருக்கும் நடக்கிறது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில், சுற்றியுள்ள கூட்டமெல்லாம் நாஜி வணக்கம் வைக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு தொழிலாளியின் புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். வெறுப்பை எதிர்த்த படம், வெறுப்புப் படமாகக் கணக்கிடப்பட்டது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சட்டம் தெரிந்த அவருக்கே கணக்கு திரும்பக் கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிறகு விதிகள் வந்தன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், 2023இல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்களிடம் 30 நாளுக்குள் போகலாம். அந்தக் குழுக்கள் எவ்வளவு சுதந்திரமானவை என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆயினும் கருத்துச் சொல்லும் கணக்குக்கு மேலே தட்ட ஒரு கதவாவது வைத்திருக்கிறார்கள். சோறு போடும் கணக்குக்கு அப்படி ஒரு கதவை வைக்க இந்த நாட்டுக்கு ஏன் இத்தனை காலம் ஆகிறது?

வெளியே சில இடங்களில் வைத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 4 அன்று, ஊபர் சில ஓட்டுநர்களை நீக்கிய முடிவு தானியங்கி முடிவே, அதில் மனிதத் தலையீடு பெயரளவுக்குத்தான் இருந்தது என்று சொன்னது. அதே நாளில் இன்னொரு நிறுவனத்துக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் மோசடி செய்யக்கூடியவரா என்று கணினி போட்டுவைத்திருக்கும் மதிப்பெண்ணை அவர்களுக்குக் காட்டு என்றது நீதிமன்றம். அந்த நிறுவனம் ஓலா. தலைமையகம் நம் பெங்களூர். நம் ஊர் நிறுவனம் போட்ட மதிப்பெண்ணை நெதர்லாந்து நீதிபதி கேட்டு வாங்கித்தர வேண்டியிருந்தது. பிரிட்டனில் உணவு கொண்டுபோகும் கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் முகத்தைச் செயலி அடையாளம் காணாமல் 2021இல் கணக்கை மூடியது. வழக்கு 2024இல் இழப்பீட்டோடு சமரசமானது. முகம் பார்க்கும் கணினியும் தவறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரி 26 முதல், நியாயமில்லாமல் கணக்கு மூடப்பட்டவர் 21 நாளுக்குள் அங்குள்ள பணி ஆணையத்திடம் முறையிடலாம். திரும்பச் சேர்த்துக்கொள் என்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நம் கர்நாடகமும் சும்மா இல்லை. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். இந்தச் செயலித் தொழிலாளர்களுக்காக ராஜஸ்தான் 2023இல் முதல் சட்டம் போட்டது. கர்நாடகம் 2025 மே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, ஆகஸ்டில் பேரவையிலும் மேலவையிலும் நிறைவேற்றி, செப்டம்பரில் முழுச் சட்டமாக்கியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தொழிலாளிக்குப் போகும் தொகையின் மேல் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை நலக் கட்டணம் வசூலித்து நல நிதி சேர்க்கிறது. எந்தெந்தக் காரணத்துக்காகக் கணக்கை மூடலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கச் சொல்கிறது. எழுத்தில் காரணம் சொல்லாமல், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது என்கிறது. நிதி ஆயோக் 2022இல் போட்ட கணக்குப்படி நாட்டில் இப்படி உழைப்பவர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த 14 நாள்கூட இன்று கிடையாது.

அந்தப் பையனுக்கும் கிடைக்கவில்லை. அவன் கணக்கு ஆடியில் போனது, அப்போது அவசரச் சட்டம் நடப்பில் இருந்தும் முன்னறிவிப்பு வரவில்லை. அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சட்டம் நீக்குவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று பேசுகிறது. நீக்கப்பட்ட பின் எப்போது, என்ன செய்து, யாரிடம் கேட்டு ஒருவன் திரும்பி வரலாம் என்பதற்கு அதில் வழி வகுத்திருக்க வேண்டும். 11ஏவின் தராசு அங்கே இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் இரவில் தனியாக வண்டியில் வருபவள். "அப்பா, என் வீட்டு வாசலுக்கு வருகிறவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். 2005 டிசம்பரில் இதே ஊரில், இரவுப் பணிக்குப் புறப்பட்ட ஒரு பெண் அலுவலக வண்டி ஓட்டுநர் என்று வந்தவனை நம்பி ஏறினாள். அவன் அவளைக் கொன்றான். அந்த டிசம்பரை இந்த ஊர்ப் பெண்கள் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஒருவரின் உடல்மேல் கை வைத்தவனுக்கு, பெண்ணைப் பின்தொடர்ந்தவனுக்கு அந்த வாசல் அன்றே மூட வேண்டும், திரும்பத் திறக்க வேண்டியதில்லை. கர்நாடகச் சட்டம் அத்தகையவர்களுக்கு 14 நாள் அவகாசம் கொடுக்காமல் விட்டது சரியே. கணக்கை வேறொருவருக்குக் கொடுத்ததும் சின்னக் குற்றம் இல்லை என்று அவள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதைத்தான் அவனும் மனுவில் ஒப்புக்கொண்டான்.

ஆனால் பெண்ணைத் தாக்கியவனுக்கும், அம்மாவின் ஆபரேஷனுக்காகத் தோழனிடம் கணக்கைக் கொடுத்தவனுக்கும், பத்து நிமிடத்தில் வரவேண்டியதைப் பதினெட்டு நிமிடத்தில் கொண்டுவந்து ஒற்றை நட்சத்திரம் வாங்கியவனுக்கும் ஒரே சொல்லா? "நிரந்தரமாக" என்ற அந்தச் சொல்லை எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால், இருபத்து நாலு வயதுக்காரனுக்கு அது எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்திருப்பார். கொலைக் குற்றவாளிக்கும் நன்னடத்தை பார்த்து முன்விடுதலை தரும் நாடு இது.

இந்த அரங்கில் செயலி எழுதுபவர்கள் இருக்கிறீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் பெல்லந்தூரிலிருந்தும் வந்திருக்கிறீர்கள், உங்களில் பலர் என்னை முன்பே அறிவீர்கள். பாதிப் பேருடைய அப்பாக்களுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் சொல்ல அவகாசம் கிடைத்த அப்பாக்கள், இரண்டாவது நோட்டீஸுக்கு நான் பதில் எழுதி வேலை காப்பாற்றிய அப்பாக்கள். அந்தச் சம்பளத்தில்தான் உங்களைப் படிக்கவைத்தார்கள். உங்களிடம் கேட்கிறேன். கணக்கு மூடப்பட்டவனுக்குப் போகும் செய்தியில், என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். அவன் பேச ஒரு மனிதரின் எண்ணைக் கொடுங்கள்; அவனுக்குத் தெரிந்த மொழியில் பேசுபவராக இருக்கட்டும். உடலுக்குத் தீங்கு செய்யாத குற்றம் என்றால், எந்த நாளில் திரும்பி வந்து விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தேதி போடுங்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ, உங்கள் விருப்பம். கட்டங்களை வரைவதும் விதிகளை எழுதுவதும் உங்கள் கை. "சிஸ்டம் பண்ணினது" என்று சொல்லும் அந்த டீம் லீடருக்கு, சிஸ்டம் என்பது நீங்கள்தான்.

அந்தப் பையன் இப்போது கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி மூட்டை இறக்குகிறான். அம்மா தேறிவிட்டார். ஸ்கூட்டர் தவணை இரண்டு மாதம் பாக்கி. அந்தச் செயலியை அவன் போனிலிருந்து இன்னும் நீக்கவில்லை. வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறான். ஏழு மாதம் ஆகிவிட்டது. அவன் தமிழில் எழுதிய தாளும் என் ஆங்கிலப் பிரதியும் இந்தப் பையில் இருக்கின்றன. அதை வாங்கிப் படித்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.